சாண்டோ என்ற பெயருக்குச் சொந்தக்காரர்

சாண்டோ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால், கையில்லாத பனியன் ஒன்றை எடுத்து மேசைமேல் போடுவார். நாம் இங்கே சிங்லெட் என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சாண்டோ என்றுதான் அச்சடித்திருக்கும். வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டால், எம்.ஜி.ஆரை வைத்துப் படமெடுத்த சாண்டோ சின்னப்பா தேவரைச் சொல்வார்கள். முருகன், யானை, பாம்பு எல்லாம் வரும் படங்கள் என்று கூடவே ஒரு பட்டியலும் கிடைக்கும். பனியனுக்கும் தேவருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

நான் ஜோர்ஜ்டவுனில் மாலை வேளைகளில் சில இளைஞர்களுக்கு பெஞ்ச் பிரஸ், டெட்லிப்ட் போட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம்தான் எங்கள் கூடம். மாடியில் வைத்திருந்தால் டெட்லிப்ட் பார் கீழே இறங்கும்போது பலகைத் தளமும் சேர்ந்து இறங்கிவிடும்! புதிதாக வரும் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் நான் முதலில் சொல்வது சாண்டோவின் கதை. அவர் உண்மையிலேயே பலசாலி. அதே அளவுக்கு விளம்பரத்திலும் சூரர். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், இன்று கைப்பேசியில் வந்து விழும் கட்டழகர்களின் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தானாகப் புரியும்.

சாண்டோ 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவுக்குள் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். பெற்றோர் வைத்த பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது பிற்பாடு மேடைக்காக அவரே சூட்டிக்கொண்டது.

சிறுவயதில் தாம் நோஞ்சானாக இருந்ததாகவும், தந்தையுடன் இத்தாலிக்குப் போனபோது அங்கிருந்த பழங்காலச் சிலைகளின் உடற்கட்டைப் பார்த்து வியந்து உடற்பயிற்சியில் இறங்கியதாகவும் சாண்டோ பிற்காலத்தில் எழுதினார். அழகான கதை. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. என் கருத்தும் அதுதான். மெலிந்தவன் பலசாலியானான் என்ற கதைக்குச் சந்தையில் எப்போதும் விலை உண்டு. முன், பின் என்று இரண்டு படங்களை ஒட்டி விற்கும் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது பாருங்கள்.

உறுதியாகத் தெரிந்த கதை அவ்வளவு பளபளப்பானதல்ல. கட்டாய இராணுவச் சேவைக்குப் போக விருப்பமில்லாமல் பதினெட்டு வயது வாக்கில் ஊரை விட்டுக் கிளம்பினார். சர்க்கஸில் சேர்ந்து குட்டிக்கரணம் அடித்தார். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் மாதிரியாக நின்று காசு பார்த்தார். அலைந்து திரிந்து பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு வந்தபோதுதான் அவருக்குச் சரியான குரு கிடைத்தார். அட்டிலா என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட லூயிஸ் டர்லாக்கர் அங்கே உடற்பயிற்சிக்கூடம் நடத்தி வந்தார். கனமான எடையைத் தூக்கினால் உடல் இறுகிப்போகும், வேகம் குறையும் என்று பலரும் நம்பிய காலம் அது. அட்டிலா அதை நம்பவில்லை. கனத்த பார்பெல்லைக் கொடுத்துப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பழக்கினார். குட்டிக்கரணம் அடித்த உடம்பில் இரும்பின் பலமும் சேர்ந்தது.

1889-இல் லண்டனிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே சாம்சன் என்பவர், தம் சீடர் சைக்ளாப்ஸுடன் ராயல் அக்வேரியம் அரங்கில் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். சீடரை வெல்பவருக்கு 100 பவுண்டு, தம்மையே வெல்பவருக்கு 500 பவுண்டு என்று தினமும் மேடையில் சவால். அந்தக் காலத்தில் 500 பவுண்டு என்றால் ஒரு தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்தான் சாம்சனுக்கு.

அட்டிலா தம் மாணவரை அனுப்பி வைத்தார். சாண்டோ அன்று மாலை விருந்துக்குப் போகும் கனவானைப் போல கோட்டும் சூட்டுமாகப் பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருந்தார். சவால் விடுக்கப்பட்டதும் எழுந்து மேடையேறினார். உயரம் சுமார் 175 சென்டிமீட்டர்; சூட்டுக்குள் அவர் சாதாரண ஆளாகத்தான் தெரிந்தார். கூட்டம் சிரித்தது. மேல்சட்டையைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. அக்டோபர் 29-ஆம் தேதி சைக்ளாப்ஸ் தோற்றார். நான்கு நாள் கழித்து, நவம்பர் 2-ஆம் தேதி, சாம்சனுடன் நேருக்கு நேர் போட்டி. நடுவர்களில் ஒருவர் குயின்ஸ்பெரி பிரபு. குத்துச்சண்டை விதிகளுக்கு இன்றும் இவர் பெயர்தான்.

சாம்சனின் வித்தைகள் எல்லாம் உடைப்பதும் வளைப்பதும்தான். இரும்புக் குழாயைக் கையிலும் காலிலும் அடித்து வளைப்பார். மார்பைச் சுற்றிக் கட்டிய கம்பிக் கயிற்றை மூச்சை இழுத்து அறுப்பார். புஜத்தில் மாட்டிய சங்கிலியைத் தசையை முறுக்கித் தெறிக்க வைப்பார். ஒவ்வொன்றையும் சாண்டோ செய்து காட்டினார். சங்கிலி வந்தபோது சாம்சன் ஒரு தந்திரம் வைத்திருந்தார். அவருடைய சங்கிலி அவர் கைக்கு மட்டுமே பொருந்தும். சாண்டோவோ, அதே சங்கிலியைச் செய்த பட்டறையைக் கண்டுபிடித்துத் தம் புஜத்தின் அளவுக்கு ஒன்று செய்து கொண்டு வந்திருந்தார். அதுவும் தெறித்தது. பிறகு தம் முறைக்கு டம்பெல்லை எடுத்தார். அங்கே தந்திரத்துக்கு இடமில்லை. சாம்சன் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரே இரவில் லண்டன் முழுக்க சாண்டோவின் பெயர் பரவியது. அறிவித்த பரிசுத் தொகை மட்டும் முழுதாகக் கைக்கு வரவில்லை. அப்போது அவருக்கு வயது 22.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிட்டு, கூடத்தில் இருக்கும் பிளேட்டுகளைக் காட்டுவேன். சாண்டோவின் காலத்து மேடை பலசாலிகளின் குண்டுகளில் எத்தனையோ போலி. உள்ளே பொள்ளலாக இருக்கும். மற்றவர் தூக்க வந்தால் மணலையோ ஈயத்தையோ நிரப்பி வைத்திருப்பார்கள். எழுதியிருந்த எடைக்கும் உள்ளே இருந்த எடைக்கும் சம்பந்தமே இருக்காது. எடை போட்டுப் பார்க்கும் வழக்கமே அரிது. இன்று வலுதூக்கும் போட்டியில் பார் 20 கிலோ. இருபுறமும் மாட்டும் பூட்டுகள் ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. சிவப்பு பிளேட் 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. கண்ணால் பார்த்தே கூட்டிவிடலாம். அனைத்துலக வலுதூக்கும் சம்மேளனம் 1972-இல் அமைந்த பிறகு இந்த ஒழுங்கு உலகம் முழுவதும் பரவியது. ஜோர்ஜ்டவுனில் தூக்கிய 150 கிலோவும் ஜெர்மனியில் தூக்கிய 150 கிலோவும் ஒன்றுதான். இந்த நம்பிக்கை சாண்டோவுக்குக் கிடைக்கவில்லை.

பெஞ்ச் பிரஸ் போட்டியில் நடுவரின் மூன்று கட்டளைகளுக்குக் காத்திருக்க வேண்டும். கையை நீட்டிப் பாரைப் பிடித்ததும் ஆரம்பிக்கச் சொல்வார். பாரை மார்புக்கு இறக்கி அசையாமல் நிறுத்த வேண்டும். அதன் பிறகே தள்ளச் சொல்வார். முழங்கை முழுதாக நிமிர்ந்து நின்ற பிறகு தாங்கியில் வைக்கச் சொல்வார். நடுவில் இடுப்பு பெஞ்சிலிருந்து எழும்பினால் போச்சு. டெட்லிப்டில் ஒரே கட்டளை: முட்டி நிமிர்ந்து, தோள் பின்னால் போய், அசையாமல் நின்றால்தான் இறக்கச் சொல்வார். அதற்கு முன் போட்டால் சிவப்பு விளக்கு. மூன்று நடுவர்கள், மூன்று விளக்குகள். இரண்டு வெள்ளை எரிந்தால் தேறினோம். ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று வாய்ப்பு. பயிற்சியில் மார்பில் துள்ள விட்டுத் தள்ளிப் பழகிய பையன் போட்டியில் மூன்று வாய்ப்பையும் சிவப்பில் விடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பலம் இருந்தது, நிறுத்தும் பழக்கம் இல்லை.

சாண்டோவுக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1890-இல் பர்மிங்காம் நகரின் மெக்கேன் சகோதரர்களில் ஒருவருடன் மோதினார். நடுவர்கள் மெக்கேனுக்கே தீர்ப்பளித்தார்கள். சாண்டோ சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றதால் அந்தத் தோல்வியைப் பலரும் மறந்தார்கள். 1898-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். ஷெபீல்டு நகரில் ஆர்தர் சாக்சன் என்ற ஜெர்மானிய இளைஞர் தம் குழுவுடன் காட்சி நடத்தி, சாண்டோவுக்குச் சவால் விட்டிருந்தார். சாண்டோ நேரில் வந்து மேடையேறினார். போட்டி, சாய்ந்து தூக்கும் முறையில். பார்பெல்லை ஒரு கையால் தோளருகே பிடித்து, உடலைப் பக்கவாட்டில் சாய்த்து அதன் கீழே புகுந்து, கை நேராக நிமிர்ந்ததும் மெல்ல எழுந்து நிற்பது. தோள், இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தூக்கல் அது. இந்த முறையில் சாண்டோவின் பெயரில் சொல்லப்படும் உச்சம் சுமார் 122 கிலோ. அன்று சாக்சனின் பார்பெல்லை அவர் ஓரளவு ஏற்றினார். ஆனால் அதோடு முழுதாக நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சாண்டோவை வென்றதாக சாக்சன் குழு விளம்பரம் செய்தது. சாண்டோ வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். மேடையில் முடியாததை வழக்கறிஞர் முடித்துக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாக்சன் பிற்பாடு அதே முறையில் 160 கிலோவையும் தாண்டினார்.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு. சாண்டோவின் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்றில், அவர் கையையும் காலையும் தரையில் ஊன்றி உடலை மேல்நோக்கி வளைத்து நிற்பார். மேலே பலகையை வைத்து அதில் குதிரைகளை ஏற்றுவார்கள். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் மூட்டுகள் நேராகப் பூட்டிய நிலையில் எலும்பே பெரும்பாரத்தைத் தாங்கிவிடும். தசை ஓர் அங்குலம்கூட எதையும் நகர்த்துவதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் 100 கிலோவை மார்பு வரை இறக்கித் தள்ளும் ஒருவர், முழங்கையைப் பூட்டிய நிலையில் அதைவிட மிகக் கூடுதலாகத் தாங்க முடியும். ஆகவே எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள்.

1893-இல் சாண்டோ அமெரிக்கா போனார். சிக்காகோ உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு. புளோரன்ஸ் சீக்பெல்டு என்ற இளம் காட்சி அமைப்பாளர் அவரைக் கையில் எடுத்தார். எடை தூக்குவதைவிட உடலைக் காட்டுவதற்குத்தான் கூட்டம் வருகிறது என்பதைக் கண்டுகொண்டவர் இவரே. தசைகளை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டும் காட்சிக்கு அரங்கம் நிறைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி நிபுணர் டட்லி சார்ஜெண்ட் அவரைப் பரிசோதித்து, தாம் பார்த்தவர்களிலேயே மிக நேர்த்தியான உடல் என்று பாராட்டினார். 1894 மார்ச்சில் எடிசனின் கூடத்தில் அவரைப் படம் பிடித்தார்கள். சில வினாடிகளே ஓடும் அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சினிமா வரலாற்றின் முதல் முகங்களில் சாண்டோவின் முகமும் ஒன்று.

அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்யுத்தம் என்று விளம்பரம் செய்தார்கள். சிங்கத்துக்கு வாய்ப்பூட்டு, கால்களுக்குத் தோல் உறை. பாவம், அதற்குச் சண்டையில் கொஞ்சமும் ஆர்வமில்லை. காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சலிட்டது. இதையும் பையன்களுக்குச் சொல்வேன், வேண்டுமென்றேதான்.

இங்கிலாந்து திரும்பியபின் சாண்டோவின் வாழ்க்கையில் நான் மதிக்கும் பகுதி தொடங்குகிறது. 1897-இல் லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் வீதியில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். மறு ஆண்டு சொந்தமாக உடற்பயிற்சி இதழ் நடத்தினார். வலிமையும் அதை அடையும் வழியும் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்பு கண்டது. அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று யாருக்கும் பயிற்சி உண்டு என்பதை அவர் பரப்பினார். அந்த நூலில் வயதுக்கு ஏற்ற அட்டவணைகள் இருக்கின்றன. இந்த வயதுக்கு இந்த எடை டம்பெல், இத்தனை தடவை. சில நாள் கழித்து ஒரு தடவை கூட்டு. எண்ணிக்கை முழுமையானதும் எடையைக் கூட்டி மறுபடியும் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கு. கண்ணாடி முன் நின்று, வேலை செய்யும் தசையின்மேல் கவனத்தை வைத்துச் செய் என்பது அவருடைய போதனை.

நூறு ஆண்டுக்கு மேலாகியும் எங்கள் கூடத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் அடிப்படை அதுவே. போட்டிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கும்போது தொடங்குவோம். முதல் நான்கு வாரம், ஒருவர் ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 70 முதல் 75 விழுக்காடு. ஐந்து ஐந்து தடவையாகச் செய்வது. அடுத்த நான்கு வாரம் 80 முதல் 85 விழுக்காடு; மூன்று மூன்று தடவை. பிறகு 90-ஐ ஒட்டி ஒன்றோ இரண்டோ. கடைசி வாரம் பாதி ஓய்வு. புதியவர்களுக்கு பெஞ்ச் பிரஸ்ஸில் வாரம் இரண்டரை கிலோ கூடினாலே பெரிது. டெட்லிப்டில் ஐந்து கூடும். போட்டியன்று முதல் வாய்ப்புக்குக் கொடுக்கும் எடை, கூடத்தில் மூன்று தடவை சிரமமில்லாமல் தூக்கியதாக இருக்க வேண்டும். முதல் விளக்கு வெள்ளையில் எரிந்தால் மனம் இறங்கி நிற்கும். படிவம் மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் உச்ச எடையே கேட்பதில்லை. முதுகை வளைக்காமல் வெறும் பாரோடு ஐம்பது தடவை செய்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

ஒரு விஷயத்தில் சாண்டோவோடு எனக்கு ஒத்துப்போகாது. ஊருக்கு விற்ற டம்பெல் இரண்டு கிலோ சொச்சம். நடுவில் சுருள்வில் வைத்து அழுத்திப் பிடிக்கும் விதமாகச் செய்தது. தபாலில் விற்றார், அமோகமாக விற்றது. ஆரோக்கியத்துக்கு அது போதும்தான். ஆனால் அவர் உடம்பு அந்த இரண்டு கிலோவில் வந்ததல்ல. பிரஸ்ஸல்ஸில் அட்டிலாவிடம் கனத்த இரும்போடு மல்லுக்கட்டி வந்தது. விளம்பரப் படத்தில் இருந்த உடல் வேறு, விற்ற பொருள் வேறு.

1901 செப்டம்பர் 14-ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டுக்கென்றே பெரிய போட்டி ஒன்றை நடத்தினார். நாடெங்கும் மாவட்டச் சுற்றுகளில் தேறிய 60 பேர் மேடைக்கு வந்தார்கள். அரங்கு நிரம்பி வழிந்தது. நடுவர்கள் மூவர்: சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். பெருத்த தசைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை என்று சாண்டோ முன்கூட்டியே அறிவித்திருந்தார். உடலின் ஒத்த அமைப்பு, தசையின் தன்மை, தோலின் நிலை, பொதுவான ஆரோக்கியம் எல்லாம் கணக்கு. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மரே வென்றார். பரிசு, சாண்டோவின் உருவில் செய்த தங்கச் சிலை. மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு இன்று கொடுப்பதும் அதே உருவம்தான்.

அடுத்து உலகச் சுற்றுலா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று சுற்றி 1905 வாக்கில் இந்தியாவிலும் காட்சி நடத்திவிட்டுக் கிழக்கே சீனா, ஜப்பான் வரை போனார். அவர் வருவதற்கு முன்பே அவர் நூல்களும் டம்பெல்களும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. இந்தியர்களை, குறிப்பாக வங்காளிகளை, வலுவற்றவர்கள் என்று ஆங்கிலேயர்கள் எழுதி வந்த காலம். சாண்டோவின் படங்களைப் பார்த்த இளைஞர்கள் அதற்குத் தங்கள் உடம்பாலேயே பதில் சொல்லப் புறப்பட்டார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம்மிடம் ஏற்கனவே இருந்ததோடு டம்பெல்லும் பார்பெல்லும் கலந்தன. பெங்களூரில் கே.வி. ஐயர் சூரிய நமஸ்காரத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். கோயம்புத்தூரில் ஆலைத் தொழிலாளியாக இருந்து உடற்பயிற்சிக் கூடம் கண்ட சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் சாண்டோ வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குள் அது ஓர் ஆளின் பெயராக இல்லை. பலசாலி என்பதற்கே தமிழ்ச் சொல்லாகிவிட்டது. தோளும் புஜமும் தெரியும்படி போடும் உடைக்கும் அதே பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கி ஏற்றியதில் தமிழர்களின் முதுகுக்குப் பெரும் பங்கு உண்டு. என் தாத்தாவும் வெல்ட் கீயில் மூட்டை தூக்கியவர். டெட்லிப்ட் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. நாளெல்லாம் அதைச் செய்தார், பதக்கத்துக்காக அல்ல. பிறகு காலம் மாறியது. 1950-இல் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் விளையாட்டில் தோ பூக் ஹங், கோ எங் டோங் இருவரும் பளுதூக்குதலில் மலாயாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பாராலிம்பிக்கில் நம் மாரியப்பன் பெருமாள் பதக்கம் வென்றார். சரவாக்கின் போனி புன்யாவ் கஸ்டின் தோக்கியோ பாராலிம்பிக்கில் 228 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். பாராலிம்பிக் வலுதூக்குதல் என்றால் பெஞ்ச் பிரஸ் மட்டுமே என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம்.

சாண்டோ காலத்தில் அந்தப் பெஞ்சே கிடையாது. இன்றைய பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கவர் அவருக்குப் பத்து வயது இளையவரான எஸ்தோனியாவின் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட். தரையில் படுத்து, பெரிய வட்டுகள் மாட்டிய பாரை முகத்துக்கு மேலாக உருட்டி மார்புக்குக் கொண்டு வந்து, சுமார் 164 கிலோவைத் தள்ளினார். டெட்லிப்டில் பெயர் எடுத்தவர் லைப்சிக்கின் ஹெர்மன் கோர்னர். 1920-இல் ஒற்றைக் கையால் 330 கிலோ தூக்கியதாகப் பதிவு இருக்கிறது. பலத்தில் இந்த இருவரும் சாண்டோவை மிஞ்சியவர்கள். ஆனால் ஹேக்கன்ஷ்மிட் பனியன் என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை!

1906-இல் சாண்டோ பிரிட்டிஷ் குடிமகனானார். 1911-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் உடற்பயிற்சி ஆலோசகராக நியமனம் கிடைத்தது. புகழின் உச்சி அது. உடற்பயிற்சிக் கருவி, பெண்களுக்கான இடுப்புக் கச்சை, கோகோ பானம் என்று அவர் பெயரில் வராத பொருள் இல்லை. தசைக்கு வலுவூட்டும் என்று விற்ற அந்தக் கோகோவின் டப்பாவைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், மூன்று இலக்க ரிங்கிட் கொடுத்து இன்று பையன்கள் வாங்கிவரும் மாவு டப்பாக்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். முட்டை, மீன், பருப்பு, தயிர் இவற்றில் கிடைக்காத புரதம் அதில் ஒன்றும் இல்லை. பெயர் தெரியாத மாத்திரை, ஊசி என்று போனால் பேச்சே வேறு. போட்டியில் சிறுநீர்ச் சோதனை பிடிப்பது பிறகு நடக்கும். இதயமும் ஈரலும் அதற்கு முன்பே கணக்கு எழுதிவிடும்.

முதல் உலகப் போர் வந்தது. பிறப்பால் ஜெர்மானியர் என்ற பேச்சு சாண்டோவைச் சுற்றிக் கிளம்பியது. போருக்கு முன்பே பிரிட்டிஷ் தொண்டர் படைக்குச் சேர விரும்பியவர்களின் உடலைத் தேற்ற உதவியவர் அவர். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கோகோ நிறுவனம் 1916-இல் சரிந்தது. அதன்பின் பழைய வெளிச்சம் திரும்பவில்லை.

1925 அக்டோபர் 14-ஆம் தேதி லண்டன் வீட்டில் காலமானார். வயது 58. பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாளாகத் தூக்கியதில் மூளை நரம்பு வெடித்து இறந்தார் என்ற கதை அப்போதே பரவியது. இன்றும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கியதே காரணம் என்று இறப்புப் பதிவில் இருக்கிறது. கார் கதை மக்களுக்குப் பிடித்துப்போனது. பலசாலி நோயில் சாகலாம் என்பதை யாரும் ஏற்கத் தயாராக இல்லை போலும்.

மனைவி பிளாஞ்சுக்கும் அவருக்கும் இடையே கடைசிக் காலத்தில் சுமுகம் இல்லை. லண்டன் பட்னி வேல் இடுகாட்டில் புதைத்தபோது, கல்லும் வைக்க வேண்டாம், பெயரும் எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். உலகத்திலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட உடல்களில் ஒன்று, அடையாளம் இல்லாத மண்மேட்டின் கீழே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2002-இல்தான் அபிமானி ஒருவர் அங்கே ஒரு கல் வைத்தார். 2008-இல் கொள்ளுப்பேரன் அதை எடுத்துவிட்டுப் பெரிய பாறை ஒன்றை நிறுத்தினார். நிமிர்த்தி வைத்த அந்தக் கல்லில் சாண்டோ என்ற பெயர் மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறது. முல்லர் என்ற பெயர் அதில் இல்லை.